“அவ்வளவு பாசம்னா நீயே கூட்டிட்டுப் போ!”

கேள்வி: வணக்கம் மேடம். எனக்கு 41 வயது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறேன். 12 வயதில் ஒரு மகள் இருக்கிறாள். என் அம்மாவுக்கு 69 வயது. தாராபுரம் பக்கம் எங்கள் ஊரில் அண்ணன் வீட்டில் இருக்கிறார். அண்ணன் வீடு என்று சொல்கிறேனே தவிர, அது அம்மா கட்டிய வீடு. அப்பா போன பிறகு மாடு வைத்துப் பால் ஊற்றி, சீட்டுப் போட்டுக் கட்டியது. 2019-ல் அதை அண்ணன் பெயருக்கு செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்துவிட்டார். அப்போது நானும் சம்மதமாகத்தான் இருந்தேன்.

இரண்டு வருடமாக அம்மாவுக்கு வீட்டுக்குள் இடம் இல்லை. பின்னால் இருக்கும் தகரக் கொட்டகையில் தனியாகப் பொங்கிச் சாப்பிடுகிறார். போன மாதம் போயிருந்தபோது சர்க்கரை மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போட்டுக்கொண்டார். கேட்டால், “ஒரு அட்டை ரெண்டு அட்டைக்கு வரும்ல கண்ணு” என்கிறார். அண்ணனிடம் கேட்டேன். “அவ்வளவு பாசம்னா நீயே கூட்டிட்டுப் போ” என்றான். எனக்கு அதற்கு மேல் வாய் வரவில்லை. பஸ் ஏறி வந்துவிட்டேன். அம்மா, “கேஸு கீஸுன்னு போயிராதே, உங்கண்ணன் பேரு கெட்டுப்போயிரும்” என்கிறார். கணவர், “உங்க வீட்டு விஷயம், சொத்துக்காக வந்தேன்னு சொல்லிருவாங்க” என்கிறார். நாளைக்கு மகள் பெரியவளானால் தாய்மாமன் சீர் யார் செய்வார்கள் என்ற பயமும் இருக்கிறது. பெற்ற தாய்க்காக நாலு வார்த்தை பேச முடியாத நான் கோழையா மேடம்? (பெயர் வேண்டாம், திருப்பூர்)

பதில்:

அன்புச் சகோதரி, உங்கள் கடிதத்தில் அந்தப் பாதி மாத்திரையைத் தாண்டி என்னால் உடனே படிக்க முடியவில்லை. அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன். சட்டமெல்லாம் அப்புறம்.

சர்க்கரை மாத்திரை அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசில்லாமல் கிடைக்கும். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியது. சர்க்கரை, ரத்தக் கொதிப்பு உள்ளவர்களுக்கு வீட்டுக்கே மாத்திரை கொண்டுவந்து கொடுப்பதுதான் அதன் வேலை. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அம்மாவைக் கூட்டிக்கொண்டு சுகாதார நிலையம் போங்கள். சர்க்கரை அளவு பார்த்து, சீட்டு எழுதி வாங்கி, இந்தத் திட்டத்தில் பெயரைச் சேர்த்துவிட்டு வாங்க. இதற்கு அண்ணன் சம்மதமும் வேண்டாம், ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) உத்தரவும் வேண்டாம். அங்கே போட்டுத் தரும் சீட்டை மட்டும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இனி, நீங்கள் கோழையா என்ற கேள்வி. உங்களை வாயடைக்க வைத்த அந்த வார்த்தையை, இப்படிப்பட்ட மனுக்கள் எழுதும் 22 வருடத் தொழிலில் நான் எத்தனையோ வீடுகளில் கேட்டிருக்கிறேன். மகள் வாய் திறந்ததும் மகன் எடுத்து வீசுவது இதைத்தான். நீங்கள் கேட்டது அவர் கடமையைப் பற்றி. அவர் பதிலோ உங்கள் பாசத்தைப் பற்றி. கூட்டிக்கொண்டு போனால் அவருக்குப் பாரம் விட்டது. போகாவிட்டால் உங்களுக்கு அம்மா மேல் அக்கறை இல்லை என்று ஆகிவிடும். இரண்டில் எதைச் செய்தாலும் கொட்டகையைப் பற்றிய பேச்சு அத்தோடு முடிந்தது. பனியன் கம்பெனி வேலைக்கும் குடும்பத்துக்கும் நடுவே இருக்கும் பெண்ணுக்கு அந்த இடத்தில் வாய் அடைத்துப்போவது இயல்பு. அதற்குப் பெயர் கோழைத்தனம் இல்லை, தாயீ.

அடுத்த முறை அவர் அதைச் சொன்னால் குரலை உயர்த்தாமல் இவ்வளவு சொல்லுங்கள்: “நான் கூட்டிட்டுப் போறதா இல்லையாங்கறது அப்புறம்ணா. அம்மாவுக்கு எங்க இருக்கோணும்னு இருக்குதோ அங்க இருக்கட்டும். இது அவங்க கட்டின வீடு.” அதற்கு மேல் ஒரு வார்த்தையும் வேண்டாம். அண்ணி ஏதாவது சொன்னாலும் திரும்பப் பேச வேண்டாம்.

ஆனால் அதைச் சொல்வதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அம்மாவுக்கு என்ன வேண்டும் என்று அம்மாவிடமே கேட்க வேண்டும். நீங்கள் எழுதிய கடிதத்தில் அம்மா எங்கே இருக்கிறார், என்ன சாப்பிடுகிறார், எதற்குப் பயப்படுகிறார் என்பதெல்லாம் இருக்கிறது. அவருக்கு என்ன வேண்டும் என்பது மட்டும் ஓரிடத்திலும் இல்லை.

இதை நான் உபதேசமாகச் சொல்லவில்லை. நான் செய்த தப்பிலிருந்து சொல்கிறேன். 2011-ல் ஒரு மகள் தன் அம்மாவை என் அலுவலகத்துக்குக் கூட்டி வந்தார். ஏறக்குறைய உங்கள் கதைதான். மகள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். நான்கு பக்க மனு. அந்த அம்மா மடியில் ஒரு மஞ்சப்பையை வைத்துக்கொண்டு மூலை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பெயர், வயது, கைரேகை, இவ்வளவுக்குத்தான் நான் அவர் பக்கம் திரும்பினேன். விசாரணை நாளில் கோட்டாட்சியர் நல்ல மனிதர், நேராக அந்த அம்மாவையே பார்த்து, “பையன் கவனிக்கிறதில்லையாம்மா?” என்று கேட்டார். மகன் நாலடி தள்ளிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தான். அந்த அம்மா அவனை ஒரு பார்வை பார்த்தார். “நல்லாத்தான் சாமி பாத்துக்கறான்” என்றார். மனு அத்தோடு முடிந்தது. மகனோடு அதே பஸ்ஸில் ஏறிப் போனார். மகள் அலுவலகப் படியிலேயே நின்றுகொண்டிருந்தார். அவருக்கு அம்மா வீட்டு வாசல் அன்றோடு அடைபட்டது.

அந்த மஞ்சப்பையில் முறுக்கு இருந்தது என்று பிறகு மகள் சொன்னார். பேரனுக்காகச் சுட்டது. அந்த அம்மாவின் குறையெல்லாம், பேரனைத் தன்னிடம் பேச விடுவதில்லை என்பதுதான். வீட்டைத் திருப்பி வாங்கித் தாருங்கள் என்று அவர் யாரிடமும் கேட்கவில்லை. நான் எழுதிய நான்கு பக்கத்தில் ‘மனுதாரர்’ என்ற சொல் வரிக்கு வரி இருந்தது. பேரன் என்ற சொல் ஒரு இடத்திலும் இல்லை.

என் வீட்டிலும் நடந்தது. ஒரு விசேஷத்தில் என் அம்மாவை உறவினர் ஒருவர் பந்தியிலிருந்து எழுப்பியபோது நான் கூட்டத்துக்கு நடுவில் கத்திவிட்டேன். பெருமையாகத்தான் திரும்பி வந்தேன். ராத்திரி அம்மா கேட்டார்: “எனக்காகப் பேசினியா, உன் கோவத்துக்குப் பேசினியா?” எனக்கு இன்றைக்கும் அதற்கு நேர்மையான பதில் தெரியும், அதனால்தான் வலிக்கிறது.

அதனால் ஒரு வேலை செய்யுங்கள். இரண்டு நாள் லீவு போட்டு ஊருக்குப் போங்கள். அந்தக் கொட்டகையிலேயே அம்மாவோடு படுத்து எழுந்திருங்கள். அண்ணன் வீட்டுக்குள் கூப்பிட்டாலும், ராத்திரி அம்மாவோடு இருக்கட்டுமே என்று சொல்லிவிடுங்கள். முதல் ராத்திரி எதுவும் கேட்காதீர்கள். இரண்டாம் நாள், அம்மா அடுப்பு வேலையிலோ வெங்காயம் உரித்துக்கொண்டோ இருக்கும்போது, கைவேலையோடு கேளுங்கள். நேருக்கு நேர் உட்கார்ந்து கேட்டால் நம் அம்மாக்கள் “எனக்கென்ன குறை” என்றுதான் ஆரம்பிப்பார்கள். எங்கே இருக்க ஆசை, அண்ணன் என்ன செய்தால் போதும், கேஸ் என்றால் எதற்குப் பயம், இவ்வளவுதான் தெரிய வேண்டும். அவர் சொல்வதை அவர் சொன்ன வார்த்தையிலேயே ராத்திரி ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே ஒரு அறையும் மூன்று வேளைச் சோறும் போதும் என்பாரா, வீட்டைத் திரும்ப எழுதி வாங்க வேண்டும் என்பாரா, உன்னோடு வந்துவிடுகிறேன் என்பாரா, எனக்குத் தெரியாது. உங்களுக்கும் இப்போது தெரியாது. ஒவ்வொன்றுக்கும் வழி வேறு.

அம்மாவின் பயத்தில் ஒரு பாதியை நீங்கள் அங்கேயே எடுத்துவிடலாம். கேஸ் என்றதும் அவர் மனதில் போலீஸ் ஜீப்பும் மகன் கையில் விலங்கும்தான் வரும். 2007-ல் வந்த பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டத்தில் வழி அப்படித் தொடங்குவதில்லை. வருவாய்க் கோட்டாட்சியர்தான் தீர்ப்பாயம். உங்கள் அம்மாவுக்குத் தாராபுரம் கோட்டாட்சியர் அலுவலகம். மனுவை வாங்கியதும் முதலில் சமரச அலுவலரிடம் அனுப்பி, இரு தரப்பையும் உட்கார வைத்துப் பேசிப் பார்க்கச் சொல்லலாம். நான் பார்த்த வரை பல வீடுகளில் அந்த மேஜையிலேயே ஒரு வழிக்கு வந்துவிடுகிறார்கள். அம்மா சொல்லிக் கேட்காத மகன், அரசாங்க முத்திரை போட்ட நோட்டீஸ் வந்ததும் உட்கார்ந்து பேசுகிறான். வருத்தமான உண்மைதான், ஆனால் உண்மை.

இந்தச் சட்டத்தில் அம்மா கேட்கக்கூடியவை இரண்டு. வீட்டைத் தொடாமல், பராமரிப்பு மட்டும் கேட்கலாம். சாப்பாடு, துணிமணி, இருக்க இடம், மருத்துவம் எல்லாம் அதில் அடங்கும். மாதம் 10,000 ரூபாய் வரை கொடுக்கச் சொல்லி உத்தரவிட முடியும். நோட்டீஸ் சேர்ந்த நாளிலிருந்து 90 நாளில் முடிக்க வேண்டும், அசாதாரணச் சூழ்நிலையில் இன்னும் 30 நாள் என்பது சட்டத்தில் உள்ள கணக்கு. நடைமுறையில் இழுக்கும், அதற்கும் மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். ‘அண்ணன் பேர் கெடக் கூடாது’ என்கிற அம்மாவுக்கு அநேகமாக இந்த வழிதான் ஒத்துவரும்.

இன்னொன்று, எழுதிக் கொடுத்த செட்டில்மெண்ட்டையே ரத்து செய்யக் கேட்பது. சட்டத்தின் 23-ஆம் பிரிவு. இங்கே ஊரில் பலரும் பல விதமாகச் சொல்வார்கள். பத்திரம் எழுதுபவர் ஒருவர், “ரிஜிஸ்தர் ஆபீஸ்ல ரத்துப் பத்திரம் ஒண்ணு போட்டுட்டாப் போச்சு” என்பார். நம்பாதீர்கள். பதிவான செட்டில்மெண்ட்டை எழுதிக் கொடுத்தவர் மட்டும் போய்த் தன்னிஷ்டத்துக்கு ரத்து செய்ய முடியாது. செலவு செய்து போட்டாலும் நிற்காது. இன்னொருவர் பத்திரத்தைப் புரட்டி, “எக்காலத்திலும் எக்காரணத்தைக் கொண்டும் ரத்து செய்ய மாட்டேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்காங்களே, அவ்வளவுதான்” என்பார். அதையும் நம்பாதீர்கள். ஏறக்குறைய எல்லா செட்டில்மெண்ட்டிலும் அந்த வரி இருக்கும். என்னைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையில் ஒரு மூத்த குடிமகன் சொத்தை எழுதிக் கொடுத்து, வாங்கியவர் பார்த்துக்கொள்ளாமல் விட்டால், அந்தப் பத்திரம் மோசடியாகவோ கட்டாயத்தின் பேரிலோ எழுதி வாங்கியதாகக் கருதி ரத்து செய்யத் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் உண்டு. 60 வயது முடிந்தவர் மூத்த குடிமகன். கணக்குப்படி 2019-லேயே உங்கள் அம்மா அந்த வயதைக் கடந்துவிட்டார்.

சண்டையெல்லாம் அந்த ‘நிபந்தனை’ என்ற சொல்லில்தான். பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனை இருந்ததாகக் காட்டாவிட்டால் இந்தப் பிரிவில் ரத்து செய்ய முடியாது என்று 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் சொன்னது. உங்கள் அண்ணன் வக்கீல் வைத்தால் அவர் முதலில் நீட்டுவது அதைத்தான். 2025 ஜனவரியில் அதே உச்ச நீதிமன்றம், மத்தியப் பிரதேசத்தில் ஒரு தாய் மகனுக்கு எழுதிக் கொடுத்த வீட்டு வழக்கில், இது முதியவர்களின் நன்மைக்காக வந்த சட்டம், தாராளமாகப் பொருள் கொள்ள வேண்டும் என்று சொல்லித் தாயின் பக்கம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு நாகப்பட்டினத்து மூதாட்டி ஒருவரின் வழக்கு வந்தது. மகன் பேருக்கு எழுதிக் கொடுத்தார், மகன் இறந்தான், மருமகள் கவனிக்கவில்லை. அன்பாலும் பாசத்தாலும் எழுதிக் கொடுத்தேன் என்று இருந்தாலே, கடைசிக் காலத்தில் பார்த்துக்கொள்வார்கள் என்ற நம்பிக்கை அதற்குள் இருக்கிறது, தனியாக எழுத வேண்டும் என்று இல்லை என்று அங்கே தீர்ப்பானது. நம் ஊர்த் தாய்மார்கள் மகனிடம் நிபந்தனை போட்டா எழுதிக் கொடுப்பார்கள்? அதைப் புரிந்துகொண்ட தீர்ப்பு. நான் அதைப் பல தடவை படித்திருக்கிறேன்.

ஆக, 2019 பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று கண்ணால் பார்க்க வேண்டும். அசல் அண்ணனிடம் இருக்கும், கேட்டால் தர மாட்டார், கேட்கவும் வேண்டாம். பதிவுத்துறையில் சான்றிட்ட நகல் வாங்கலாம். அத்தோடு ஒரு வில்லங்கமும் போட்டுப் பார்த்துவிடுங்கள். வீட்டை பேங்கில் வைத்திருக்கிறாரா, வேறு யாருக்காவது எழுதிவிட்டாரா என்று தெரிந்துவிடும். நகலில், “தங்கள்பேரில் நான் கொண்டுள்ள அன்பையும் பாசத்தையும் முன்னிட்டு” என்றோ, “எனது கடைசிக் காலம் வரை என்னைப் பராமரித்து வர வேண்டியது” என்றோ, “என் ஆயுள் வரை அனுபவித்துக்கொண்டு” என்றோ வரி இருக்கிறதா என்று தேடுங்கள். கடைசியாகச் சொன்னது இருந்தால், வீட்டுக்குள் இருக்க அம்மாவுக்கு உள்ள உரிமை அந்தப் பத்திரத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. அவரைக் கொட்டகைக்கு அனுப்பியதே அதற்கு எதிரானது.

மனு அம்மாவின் பெயரில், அம்மாவின் வார்த்தையில் இருக்கட்டும். அவரால் முடியாவிட்டால் உங்களுக்கு அதிகாரம் கொடுத்து நீங்கள் போடவும் சட்டம் இடம் தருகிறது. ஆனாலும் நடமாட முடிகிற வரை அவரே வருவதுதான் நல்லது. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்று இல்லை. உதவி வேண்டுமானால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாகச் செய்து தர வேண்டும். வழி கேட்க முதியோர் உதவி எண் 14567.

இப்போது உங்களுக்குக் கசப்பான ஒன்று சொல்ல வேண்டும். பராமரிப்பு மனு போட்டதும் உங்கள் அண்ணன், “அவளும் பெத்த பொண்ணுதானே, அவளையும் சேருங்க” என்று கேட்கலாம். சட்டப்படி அது சரி. மகனுக்கு உள்ள பொறுப்பு மகளுக்கும் உண்டு. அதனால் அவர் சொல்வதற்கு முன் நீங்களே சொல்லிவிடுங்கள்: “மாசம் என்னால முடிஞ்சது இவ்வளவு, அம்மா பேங்க் கணக்குல போட்டுடறேன்.” ஐந்நூறாக இருந்தாலும் இந்த மாதத்திலிருந்தே போட ஆரம்பித்துவிடுங்கள். கையில் கொடுக்காதீர்கள், கணக்கில் போடுங்கள். ‘சொத்துக்காக வந்தவள்’ என்ற பேச்சுக்கு அந்த பாஸ்புக்கை விட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை.

சொத்துப் பேச்சு எப்படியும் வரும். பத்திரம் ரத்தானால் வீடு அம்மாவிடம்தான் திரும்பும், உங்களிடம் வராது. இதை உங்கள் கணவருக்கும் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். அவர் பயத்தில் பாதி, ஊர் பேசுமே என்பது. மீதிப் பாதி, மாமியாரைக் கூட்டி வந்துவிடுவாயோ என்பது. அதைக் கடிதத்தில் நீங்கள் எழுதவில்லை, ஆனால் அவர் நின்ற இடத்தில் எந்த மாப்பிள்ளைக்கும் அது இருக்கும். அவரைக் குற்றவாளியாக்காமல் கேளுங்கள்: “நாளைக்கு உங்க அம்மா இப்படி மாத்திரையை உடைச்சா நீங்க சும்மா இருப்பீங்களா?” கேட்டுவிட்டு அவரைக் கொஞ்சம் யோசிக்க விடுங்கள்.

தாய்மாமன் சீரைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அந்தப் பயத்தை நான் சின்னது என்று சொல்ல மாட்டேன். கொங்குப் பக்கம் மாமன் வராத சடங்கில் ஒரு பெண்ணுக்கு என்ன பேச்சு விழும் என்று எனக்குத் தெரியும். அண்ணன் கோபித்துக்கொண்டு வராமல் போகலாம், அது நடக்கவே நடக்காது என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது. ஆனால் உங்கள் மகளுக்கு 12 வயது. கொட்டகையில் அம்மாச்சி தனியாகப் பொங்கிச் சாப்பிடுவது அவளுக்குத் தெரியாமல் இல்லை. சீர்த் தட்டை யார் தூக்கிக்கொண்டு வந்தார்கள் என்பதை விட, அம்மாச்சிக்காக அம்மா என்ன செய்தாள் என்பதை அவள் ரொம்ப காலம் ஞாபகம் வைத்திருப்பாள் என்று நான் நம்புகிறேன்.

மாத்திரையோடு சோறும் நின்று போனாலோ, அம்மாவை அடித்தாலோ, வெளியே துரத்தினாலோ இந்த வரிசையெல்லாம் பார்க்காதீர்கள். அன்றைக்கே பெண்கள் உதவி எண் 181-க்கு அழையுங்கள். பாதுகாக்க வேண்டிய முதியவரை அப்படியே கைவிடுவது 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கக்கூடிய குற்றம். அம்மா வேண்டாம் என்றாலும் அந்த நேரத்தில் உயிர்தான் முதலில்.

இப்போதைக்கு சுகாதார நிலையம், பிறகு இரண்டு ராத்திரி கொட்டகை, பிறகு நகல். நகல் கைக்கு வந்ததும் ‘அன்பையும் பாசத்தையும்’ என்ற வரி வரும் பக்கத்தைப் படம் எடுத்து, அம்மா சொன்னதை எழுதிய நோட்டுப் பக்கத்தோடு சேர்த்து எனக்கு அனுப்புங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, எந்த மனு எழுத வேண்டும் என்று நானே சொல்கிறேன்.